வீண் கவலை

இந்த வாரம் விமர்சனத்துக்கு இரண்டு பிரசுரங்கள்.

முதலாவது, 2020 ஜூலை 8ம் தேதி லண்டனில் வெளியான ஒரு விசாரணை அறிக்கை. 'முதலில் தீங்கு செய்யாதே' என்பது அதன் தலைப்பு. இருநூறு பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது பிரசுரம் உள்ளங்கைக்குள் அடங்கும். பத்து மாத்திரை கொண்ட அலுமினிய அட்டை. தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் அநேகமாகக் கிடைக்கும். உள்ளே இருப்பது சோடியம் வால்புரோயேட். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை.

மாத்திரை அட்டைக்கெல்லாம் விமர்சனமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வாசகி தினம் இரண்டு வேளை, வருஷக்கணக்கில், ஒரு நாள் விடாமல் கையில் எடுக்கிற பிரசுரம் அது. எந்த நாவலாசிரியருக்கும் இப்படி ஒரு வாசகி கிடைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட பிரசுரம் அந்த வாசகிக்கு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது நியாயம்தானே?

முதலில் மருந்தின் கதை. 1882ல் பெவர்லி பர்ட்டன் என்ற அமெரிக்க வேதியியல்காரர் வால்புரோயிக் அமிலத்தைத் தயாரித்தார். எண்ணெய் மாதிரி ஒரு திரவம். மற்ற பொருள்களைக் கரைக்க உதவும் என்பதைத் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இருப்பதாகத் தெரியவில்லை. எண்பது வருஷம் சோதனைச்சாலைகளில் கரைப்பானாகவே காலம் தள்ளியது. 1962ல் பிரான்ஸில் பியர் எய்மார் என்ற ஆராய்ச்சியாளர் சில புதிய மருந்துகளை இதில் கரைத்து மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். எந்த மருந்தைக் கரைத்தாலும் வலிப்பு அடங்குகிறது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடக்கியது மருந்தல்ல, அதைக் கரைத்த திரவம். சாம்பார் ருசிக்குக் காரணம் காயில்லை, தண்ணீர்தான் என்று கண்டுபிடித்த மாதிரி. 1967ல் பிரான்ஸில் விற்பனைக்கு வந்து அங்கிருந்து உலகம் பூராவும் பரவியது.

நல்ல மருந்து. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சில வகை வலிப்புகளுக்கு, முக்கியமாக உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும் வகைக்கு, இதற்கு இணையான மருந்து இன்றைக்கும் குறைவு. விலையும் குறைவு. பள்ளிக்கூடம் போக முடியாமல் இருந்த எத்தனையோ பிள்ளைகளை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்த மருந்து. வலிப்புக்கு மட்டுமல்ல, சில மனநோய்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் கர்ப்பப்பைக்குள் இருக்கிற குழந்தைக்கு இது நல்ல மருந்தில்லை.

இதைச் சாப்பிடும் தாய்க்குப் பிறக்கிற 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை இருக்கிறது. சாதாரணமாக எல்லாத் தாய்மார்களுக்கும் இருக்கிற ஆபத்து 100க்கு 2, 3 தான். முதுகெலும்பு மூடாமல் தண்டுவடம் வெளியே தெரிவது, இதயத்தில் ஓட்டை, பிளந்த அண்ணம், கை கால் கோளாறு, இப்படிப் பல வகை. இது கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. தெரியாத கணக்கு இதைவிடப் பெரிசு. 100ல் 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியில் பிரச்னை வருகிறது. பேச்சு தாமதம், நடை தாமதம், படிப்பில் மந்தம், ஞாபகக் குறைவு, ஆட்டிசம். மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2009ல் வந்தது. நான்கு வலிப்பு மருந்துகளில் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளை மூன்று வயதில் சோதித்தார்கள். வால்புரோயேட் குழந்தைகளின் ஐ.க்யூ., லாமோட்ரிஜின் குழந்தைகளைவிடச் சராசரியாக 9 புள்ளி குறைவு. ஃபெனிட்டாயினோடு ஒப்பிட்டால் 7, கார்பமாசிபினோடு ஒப்பிட்டால் 6. ஆறு வயதில் மறுபடி சோதித்தபோதும் அந்த இடைவெளி மூடவில்லை. ஒன்பது புள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். தட்டுத்தடுமாறி பத்தாம் வகுப்பு தாண்டும் பையனுக்கும், எட்டாவதோடு பையைத் தூக்கிப் போடும் பையனுக்கும் நடுவே சில சமயம் அவ்வளவுதான் தூரம்.

இனி லண்டன் அறிக்கை. ஜூலியா கம்பர்லெஜ் என்ற பிரபுக்கள் சபை அம்மையாரின் தலைமையில் 2018ல் ஆரம்பித்த விசாரணை. மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள். கர்ப்பமா இல்லையா என்று பார்க்க ஒரு காலத்தில் கொடுத்த ஹார்மோன் மாத்திரை, பெண்களின் இடுப்புக்குள் வைத்துத் தைத்த பிளாஸ்டிக் வலை, மூன்றாவதாக நம்முடைய வால்புரோயேட். மூன்றுமே பெண்களுக்கு நேர்ந்தவை. மூன்றிலும் பெண்கள் சொன்னதை வருஷக்கணக்கில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த அறிக்கையின் பெரிய பலம், அது புள்ளிவிவரத்தில் ஆரம்பிக்காமல் ஆட்களில் ஆரம்பிப்பது. எழுநூறுக்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களையும் குடும்பத்தாரையும் நேரில் சந்தித்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய், உட்கார்ந்து, கேட்டிருக்கிறார்கள். நம்மூர் கமிஷன்கள் ஆட்களை வரவழைத்துக் காக்க வைக்கும். இவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார்கள். முதல் குழந்தைக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் இரண்டாவது பெற்று, அதற்கும் ஏன் என்று தெரியாமல் மூன்றாவதும் பெற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. இந்த விஷயத்தை வெளியே கொண்டுவர 2012ல் அமைப்பு ஆரம்பித்த இரண்டு பெண்களில் ஒருவரான எம்மா மர்ஃபிக்கு ஐந்து குழந்தைகள். ஐந்து பேருக்குமே பாதிப்பு. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, முதல் பிரசவத்துக்கு முன்னால் அவரிடம் சொல்லியிருந்தால் போதும்.

சொல்ல வேண்டியவர்களுக்குத் தெரியாதா? இங்கேதான் வயிறு எரிகிறது. பிரான்ஸில் லியோன் நகரத்து டாக்டர் எலிசபெத் ராபர், வால்புரோயேட்டுக்கும் முதுகெலும்புக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதை 1982லேயே வெளியிட்டுவிட்டார். அதற்கும் முன்னால் போகலாம். 1973ம் வருஷத்து பிரிட்டிஷ் அரசாங்கக் கோப்புகள் 2017ல் வெளிச்சத்துக்கு வந்தன. மிருகச் சோதனையில் கருவுக்கு ஆபத்து தெரிகிறது என்பது அந்த மேஜையில் பேசப்பட்டிருக்கிறது. டாக்டர்களுக்குத் தெரிவிப்போம், மாத்திரை டப்பாவுக்குள் வைக்கிற தாளில் போட வேண்டாம், போட்டால் நோயாளிகள் வீணாகக் கவலைப்படுவார்கள் என்று முடிவாகியிருக்கிறது.

வீண் கவலை! எவ்வளவு பரிவான வார்த்தை. அந்தப் பரிவுக்கு விலை, பிரிட்டனில் மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. பிரான்ஸில் 2018ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் போட்ட கணக்கில், 1967லிருந்து 2016 வரை வளர்ச்சிக் கோளாறுக்கு ஆளான குழந்தைகள் 16,600 முதல் 30,400 வரை. அங்கே மாரின் மார்த்தான் என்ற தாய் 2011ல் சங்கம் வைத்துப் போராடினார். ஆபத்தைச் சொல்வதில் சனோஃபி கம்பெனி தவறியது என்று பாரிஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அறிக்கையில் குறை இல்லையா என்றால், உண்டு. யார் தப்பு என்று பெயர் சொல்லிச் சுட்ட அது தயங்குகிறது. தப்பு 'அமைப்பின்' மேல் விழுகிறது. அமைப்பைக் கூண்டில் ஏற்ற முடியாது. அறிக்கை வந்த அன்றைக்கே அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் பணமாக என்ன கொடுக்கலாம் என்று அங்கே நோயாளிகள் பாதுகாப்பு ஆணையர் பரிந்துரை செய்தது 2024 பிப்ரவரியில். வால்புரோயேட்டால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதல் தவணையாக ஒரு லட்சம் பவுண்ட் என்றார். பரிந்துரைதான். மன்னிப்பு அன்றைக்கே வந்தது, பணத்துக்குப் பரிந்துரை வரவே மூன்றரை வருஷம் ஆயிற்று.

ஆனாலும் ஒரு காரியத்தை அவர்கள் உருப்படியாகச் செய்தார்கள். 2018லிருந்து, குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்ணுக்கு இந்த மருந்து எழுத வேண்டுமானால் அவர் கருத்தடை முறையில் இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஸ்பெஷலிஸ்டைப் பார்த்து, ஆபத்து புரிந்தது என்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டப்பா மேலேயே கர்ப்பிணிப் படத்தோடு எச்சரிக்கை. இதற்கும் மேலே 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இந்த மருந்தை மட்டும் பிரித்து விற்கக் கூடாது, கம்பெனி டப்பாவோடு முழுசாகத்தான் கொடுக்க வேண்டும். காரணம், பிரித்துக் கொடுத்தால் எச்சரிக்கை டப்பாவோடு கடையிலேயே நின்றுவிடும்.

இதைப் படித்தபோதுதான் நம் இரண்டாவது பிரசுரம் ஞாபகத்துக்கு வந்தது.

நம் மெடிக்கல் ஷாப்பில் முக்கியமான கருவி என்ன? கத்தரிக்கோல். 'பத்து நாளைக்குக் குடுங்கண்ணா' என்றால் அட்டையை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பார். டப்பாவும் அதற்குள் மடித்து வைத்த தாள் இருந்தால் அதுவும் அலமாரியிலேயே தங்கிவிடும். கையில் வருவது மருந்தின் பெயர், தேதி, விலை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்கிற வாசகம், எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலத்தில். வெட்டும்போது தேதி ஒரு துண்டிலும் பெயர் ஒரு துண்டிலும் போய்விடுவதும் உண்டு. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர் மடியில் பத்து நாளைக்குத்தான் காசு இருக்கிறது. இலக்கிய விமர்சகனாக என் தீர்ப்பு இவ்வளவுதான்: இந்தப் பிரசுரத்தில் முக்கியமான அத்தியாயத்தைக் காணோம்.

சரி, டப்பாவோடு முழுசாகவே கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தம்மம்பட்டியை வைத்து யோசித்துப் பார்ப்போம்.

சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் கொல்லிமலை, ஒரு பக்கம் பச்சைமலை. மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர், புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. வாகை மரத்தில் செதுக்கிய சாமிகளும் குதிரைகளும் யாளிகளும் வாசல்களில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பதிமூன்று வயதில் வலிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். தாயத்து கட்டினார்கள், முடி இறக்கினார்கள். கடைசியில் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். டாக்டர் வால்புரோயேட் எழுதினார். வலிப்பு நின்றது. எட்டு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. சேலம் போவது நின்றுபோய், பழைய சீட்டை வைத்தே அப்பா மாத்திரை வாங்கி வருகிறார்.

இருபத்தொரு வயதில் பெண் பார்க்க வருகிறார்கள். வலிப்பைப் பற்றிச் சொல்வதா, வேண்டாமா?

வீடே கூடி எடுக்கும் முடிவு, வேண்டாம் என்பதுதான். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் சட்டப் புத்தகத்தைப் பாருங்கள். இந்து திருமணச் சட்டத்தில் 1976ல் செய்த திருத்தத்தில், திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் மணமுடிக்கத் தகுதியில்லாதவர் என்று எழுதி வைத்தார்கள். பைத்தியத்தோடு ஒரே வரியில் வலிப்பையும் சேர்த்தார்கள். அந்த ஒற்றை வார்த்தையை அடிக்க 1999 வரை ஆயிற்று. சட்டம் அடித்துவிட்டது. மாமியார்கள் இன்னும் அடிக்கவில்லை. இன்றைக்கும் தரகர் காதில் 'இழுப்பு' என்ற வார்த்தை விழுந்தால் ஜாதகம் திரும்பி வந்துவிடும்.

ஆகவே கல்யாணம் நடக்கிறது. மாத்திரை, பெட்டிக்குள் சேலை மடிப்பில் புகுந்த வீட்டுக்குப் போகிறது. கேட்டால் சத்து மாத்திரை. ஒன்றரை மாதத்தில் தலை சுற்றுகிறது. ஊரே சந்தோஷப்படுகிறது. கிராம சுகாதார செவிலியர் வந்து பெயர் பதிகிறார். அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்.

'ஏம்மா, வேற எதாச்சும் மாத்திரை சாப்பிடறியா?'

பக்கத்தில் அத்தை நிற்கிறாள்.

'இல்லைங்க சிஸ்டர்.'

இந்த 'இல்லைங்க'தான் நம்முடைய 1973. லண்டனில் ஒரு கமிட்டி அறையில் எடுத்த முடிவை இங்கே ஒரு திண்ணையில் எடுக்கிறோம். அங்கே கவலை வரக் கூடாது என்று மறைத்தார்கள், இங்கே மானம் போகக் கூடாது என்று மறைக்கிறோம். இரண்டு மறைப்புக்கும் விலை கொடுப்பது ஒரே ஆள்தான். அந்த ஆளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

இதில் காலக் கணக்கு வேறு குறுக்கே நிற்கிறது. குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடுவது கருத்தரித்து 28 நாளுக்குள். அப்போது தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பேர் கர்ப்பம் என்றே முடிவு செய்திருக்க மாட்டார்கள். செவிலியர் பெயர் பதிகிற நாளில் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. ஆக, 'கர்ப்பமானதும் டாக்டரிடம் சொல்லு' என்ற அறிவுரை தாமதமான அறிவுரை. சொல்ல வேண்டியது கல்யாணத்துக்கு முன்னால், சாதக நோட்டு எடுக்கிற அதே வாரத்தில்.

லண்டன் அறிக்கைக்கும் அதையொட்டி வந்த விதிகளுக்கும் இங்கே நின்று நான் சொல்லும் மறுப்பு இதுதான். அது கற்பனை செய்யும் பெண் தன் பெயரில் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். தாளைத் தானே படிக்கிறாள். ஃபாரத்தில் தானே கையெழுத்துப் போடுகிறாள். கருத்தடை பற்றித் தானே முடிவு செய்கிறாள். தம்மம்பட்டிப் பெண்ணுக்கு மாத்திரை வாங்குவது அப்பா. டாக்டரிடம் பேசுவது அம்மா. கல்யாணமாகாத பெண்ணிடம் கருத்தடை பற்றி டாக்டரும் பேச மாட்டார், பேசினால் அம்மா எழுந்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். வருஷா வருஷம் போட வேண்டிய கையெழுத்தைப் போட அந்தப் பெண் எந்த ஊர் பஸ் ஏறுவாள், என்ன காரணம் சொல்லி ஏறுவாள்? எச்சரிக்கையை அச்சடித்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறது இங்கிலாந்து. நமக்கு அச்சடிப்பது பாதி வழிதான்.

கொல்லிமலைப் பக்கத்தில் இந்த நோய்க்கு ஒரு பழைய கதை உண்டு. பெரிய புராணத்தில் வருகிறது. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு 'முயலகன்' என்னும் நோய். முயலகன் என்றால் நடராஜர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் அந்தக் குள்ள உருவம். பழைய தமிழில் வலிப்புக்கு அதுதான் பெயர். வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. ராஜா என்ன செய்தான்? மகளைத் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் கொண்டுபோய்க் கிடத்தினான். திருச்சிக்குப் பக்கத்தில் இன்றைக்குத் திருவாசி என்று சொல்கிற ஊர். அங்கே வந்த திருஞானசம்பந்தர் அவளைப் பார்த்துவிட்டு விசாரித்து, பதிகம் பாடிக் குணப்படுத்தினார் என்று போகிறது கதை. அந்தக் கோயிலில் நடராஜர் காலடியில் முயலகனுக்குப் பதில் பாம்பு இருப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள்.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கவனித்தது வேறு. அரசன் மகளை அந்தப்புரத்தில் பூட்டி வைக்கவில்லை. நாலு பேர் வந்து போகிற இடத்தில் கிடத்தினான். வெளியே தெரிந்ததால்தான் விசாரிக்க ஆள் வந்தது. ஏழாம் நூற்றாண்டு ராஜாவுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லாமல் போனது எப்படி என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

தைரியம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1998ல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் ஒரு பதிவேடு ஆரம்பித்தார். வலிப்பு உள்ள பெண்கள் கர்ப்பத்துக்கு முன்னாலோ, கர்ப்பமான ஆரம்ப மாதங்களிலோ வந்து பெயர் பதியலாம். என்ன மாத்திரை, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, பிரசவம் வரை கூடவே வந்து, பிறந்த குழந்தையின் இதயத்தைப் பார்த்து, அது வளர வளர நடையையும் பேச்சையும் படிப்பையும் சோதித்தார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள். மலையாளத் தாய்மாரும் ஒரு காலத்தில் மறைத்தவர்கள்தான். கேட்பதற்கு ஒரு இடம் இருக்கிறது, கேட்கிற ஆள் முகம் சுளிக்கவில்லை என்று தெரிந்ததும் வந்தார்கள். 2008ல் வெளியான அவர்களுடைய ஆய்வும், வால்புரோயேட் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் கார்பமாசிபின் சாப்பிட்டவர்களின் குழந்தைகளைவிட வளர்ச்சியில் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. அது வெள்ளைக்காரக் குழந்தைகளின் கணக்கு, நமக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாமல் செய்த ஆய்வு.

அந்தப் பதிவேடு சொல்லும் நல்ல செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு, 100க்கு 90 பேருக்கும் மேல், நல்ல குழந்தைதான் பிறக்கிறது. வலிப்பு இருந்தால் கல்யாணம் கூடாது, பிள்ளை பெறக் கூடாது என்பதெல்லாம் சுத்தப் பொய். மாற்று மருந்துகள் இருக்கின்றன. லாமோட்ரிஜின், லெவடிராசெட்டம் இரண்டிலும் பிறவிக் குறைக்கான ஆபத்து சாதாரணத் தாய்மாரின் ஆபத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மருந்தை மாற்றவும், மாற்றிய மருந்தில் வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் ஆறு மாதம், ஒரு வருஷம் பிடிக்கும். மாற்றினாலும் சிலருக்கு வலிப்பு திரும்பி வரும், வால்புரோயேட்டை விட்டால் வழியில்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பது பற்றி டாக்டர் யோசிப்பார். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கர்ப்பத்துக்கு முன்னாலிருந்தே தேவை. சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சில கருத்தடை மாத்திரைகள் லாமோட்ரிஜினின் வேலையைக் கெடுக்கும். இதெல்லாம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அதற்குத்தான் அவகாசம் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது பயந்துபோய் இன்றைக்கு ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடப் போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பெல்லாம் ஒரேயடியாக வரும். கிணற்றடியிலோ அடுப்படியிலோ வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நிற்காத வலிப்பில் தாயும் போகலாம், வயிற்றுப் பிள்ளையும் போகலாம். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தாலும் அதேதான். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். தண்டுவடக் கட்டம் தாண்டியிருந்தாலும் குழந்தையின் மூளை பிரசவம் வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பேசுவதற்கு எந்த மாதமும் தாமதமில்லை. மாற்றுவதா வேண்டாமா என்பது டாக்டர் தலைவலி, சொல்வது மட்டும்தான் உங்கள் பொறுப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறுமிகளுக்கும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் வால்புரோயேட் எழுத வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆக, நியாயமாக இந்தக் கதை எங்கே ஆரம்பிக்க வேண்டும்? பதிமூன்று வயதுப் பெண் முதல் தடவை டாக்டர் முன்னால் உட்காரும்போது. பேனாவைத் திறக்கும் முன் அவர் ஒரு நொடி யோசிக்க வேண்டும், இவள் இன்னும் பத்து வருஷத்தில் தாயாவாள் என்று. தலைவலிக்கு எழுதுகிறவர் இரண்டு நொடி யோசிக்கலாம். அதற்கு வேறு மருந்துகள் தாராளமாக இருக்கின்றன.

செவிலியர் அத்தையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கலாம். 'பாட்டியம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க' என்றால் போதும், இரண்டு நிமிஷம் கிடைக்கும். கேள்வியையும் கொஞ்சம் மாற்றலாம். 'வேற மாத்திரை சாப்பிடறியா' என்று கேட்டால் 'இல்லை' என்பது சுலபமான பதில். 'சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கா? வந்திருந்தா ஒண்ணும் தப்பில்ல, அதுக்கு நல்ல மாத்திரை மாத்தித் தருவாங்க' என்று கேட்டால் பதில் வேறாக இருக்கலாம். கல்யாணமாகிக் குழந்தைக்கு இன்னும் திட்டமிடாத பெண்களிடம் கேட்டால் இன்னும் உத்தமம். மாத்திரை அட்டையின் மேல் தமிழில் ஒரு வரி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு கர்ப்பிணி படம், இதற்குக் கம்பெனிகளுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்? ஒவ்வொரு மாத்திரைக் குழிக்குப் பின்னாலும் அந்தப் படத்தை அச்சடித்தால் எப்படி வெட்டினாலும் ஒரு படமாவது மிஞ்சும்.

கவலைப்படுவது வீணா, இல்லையா என்று சாப்பிடுகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். லண்டன் கமிட்டி அவளுக்காக முடிவு செய்தது. நம் திண்ணைகளும் அவளுக்காக முடிவு செய்கின்றன. இரண்டு இடத்திலும் அவளை யாரும் கேட்கவில்லை.

அதுவரைக்கும் மெடிக்கல் ஷாப் அண்ணாக்களுக்கு ஒரு விண்ணப்பம். அட்டையை வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, பத்து நாளைக்குக் கேட்பவருக்குப் பத்து நாளைக்குத்தான் கொடுக்க முடியும். வெட்டும்போது 'இது யாருக்குங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'பாப்பாவுக்கு' என்று பதில் வந்தால், 'கல்யாணம் பேசறதுக்கு முன்னாடி ஒரு நடை டாக்டரைப் பாத்துட்டு வந்துடுங்க' என்று சொல்லி உறையைக் கொடுங்கள்.